கேரவன் வாசலில் குழாய் வேண்டுமா? கூடுதல் காசு தரலாமா?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் ஹாரோவில் இருக்கிறோம். போன வருஷம் பழைய கேரவன் ஒன்று வாங்கி, இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு இரவு என்று போய் வந்திருக்கிறோம். இந்த ஆகஸ்டில் லேக் டிஸ்ட்ரிக்டில் கெசிக் பக்கம் 10 இரவு தங்கத் திட்டம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், என் மாமியார். கேரவன் நிறுத்துகிற சாதாரண இடத்தை (பிட்ச்) விட, வாசலிலேயே குழாயும் வடிகாலும் இருக்கிற சர்வீஸ்டு பிட்சுக்கு இரவுக்கு 6 பவுண்ட் அதிகம் கேட்கிறார்கள். "பத்தடி நடந்து தண்ணி பிடிக்கச் சோம்பல்பட்டு 60 பவுண்ட் கொடுக்கணுமா?" என்கிறார் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: கொடுங்கள். ஐந்து பேர், அதில் ஒருவர் வயதானவர், ஒரே இடத்தில் 10 இரவு என்றால் அந்த 60 பவுண்ட் நியாயமான செலவுதான். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த இடத்துக்கு ஒரு போன் போட்டுப் பேசிவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தப் பத்தடிக் கணக்கு. கேரவனுக்கு வெளியே நிறுத்துகிற அக்வாரோல் பீப்பாய் 40 லிட்டர் பிடிக்கும். காலையில் ரொட்டியும் டீயும், மதியம் வெளியில், இரவு ஏதாவது சூடாக்கிச் சாப்பிடுகிற இரண்டு பேருக்கு அது ஒரு நாள் தாராளமாக வரும். நம் சமையல் அப்படி இல்லையே. அரிசி களைய, பருப்புக் கழுவ, காய் கழுவ, குழம்புச் சட்டி தேய்க்க, அப்புறம் ஐந்து பேர் கைகால் முகம் கழுவ, மாமியார் பொதுக் குளியலறைக்கு நடக்காமல் கேரவனுக்குள்ளேயே குளித்தால் அதற்கும் என்று போய்க்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் நாலு பேருக்கே ஒரு நாளில் இரண்டு பீப்பாய் காலியாகிவிடும்.

இத்தனை தண்ணீரும் உள்ளே போய் அப்படியே நின்றுவிடாது, அழுக்குத் தண்ணீராக வெளியே வரும். கேரவனுக்குப் புதியவர்கள் பெரும்பாலும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை, நாங்களும் முதல் வருஷம் சேர்க்கவில்லை. அதற்கும் கிட்டத்தட்ட அதே அளவில் ஒரு பீப்பாய் உண்டு, அதையும் உருட்டிக்கொண்டு போய்க் கவிழ்த்துவிட்டு வரவேண்டும். ஆக நல்ல தண்ணீருக்கு இரண்டு நடை, அழுக்குத் தண்ணீருக்கு இரண்டு நடை, நாளுக்கு நாலு. 10 நாளில் 40 நடை. 60 பவுண்டை 40-ஆல் வகுத்தால் நடைக்கு ஒன்றரை பவுண்ட் வருகிறது. நிறைந்த பீப்பாய் 40 கிலோவுக்கு மேல் கனக்கும், அதைச் சரிவில் மழைக்கோட்டோடு இழுத்து வருவது யார் என்று வீட்டில் ஒருமுறை பேசிப் பாருங்கள். முதல் இரண்டு நாள் பிள்ளைகள் ஆசையாக உருட்டுவார்கள். மூன்றாம் நாளிலிருந்து அது உங்கள் கணவர் வேலை, அவர் இல்லாத நேரத்தில் உங்கள் வேலை.

மழை என்று சும்மா சொல்லவில்லை. கெசிக்குக்குத் தெற்கே போரோடேல் பள்ளத்தாக்கில் சீத்வெய்ட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது, இங்கிலாந்தில் ஆட்கள் குடியிருக்கிற இடங்களிலேயே அதிகமாக மழை பெய்வது அங்கேதான். அந்தப் பக்கம் ஆகஸ்டிலும் மழையை எதிர்பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். சர்வீஸ்டு பிட்ச் பெரும்பாலும் சரளைக்கல் போட்டுக் கெட்டிப்படுத்திய தரையாக இருக்கும், அதனால் குழாய்க்கும் வடிகாலுக்கும் மேலே இது ஒரு பெரிய லாபம். ஒருமுறை வேல்ஸில் புல்தரைப் பிட்ச் எடுத்தோம். மூன்று நாள் விடாத மழை, கிளம்புகிற அன்று கார்ச் சக்கரம் சுழன்றதே தவிர வண்டி அசையவில்லை, கடைசியில் டிராக்டர் வந்து இழுத்துவிட்டது. அன்றைக்கு உங்கள் மாமியார் வயதில் இருந்த என் அம்மா சேற்றில் கால் வைக்கப் பயந்து ஒன்றரை மணி நேரம் கேரவனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு மழை அதிகமான பக்கம் போனால் நான் புல்தரையே எடுப்பதில்லை.

சரி, அந்த போன். "சர்வீஸ்டு" என்ற வார்த்தைக்கு இடத்துக்கு இடம் அர்த்தம் மாறுகிறது. குழாயும் வடிகாலும் உங்கள் பிட்சுக்குள்ளேயே இருக்கின்றனவா என்று நேராகக் கேளுங்கள். ஓரிடத்தில் நாங்கள் கூடுதல் பணம் கட்டிவிட்டுப் போய்ப் பார்த்தால் இரண்டு பிட்சுக்குப் பொதுவாக ஒரு குழாய், வடிகாலே கிடையாது. குழாய் மட்டும் இருந்து வடிகால் இல்லையென்றால் பாதி வேலை மிச்சமாகவே இருக்கும், முழுக் காசு கொடுக்காதீர்கள்.

கரண்டை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது பெரும்பாலான சாதாரண பிட்சுகளிலும் உண்டு. எத்தனை ஆம்ப் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 16 ஆம்ப் என்றால் 230 வோல்டில் 3,680 வாட் கிடைக்கும், 10 ஆம்ப் என்றால் 2,300 வாட்தான். வீட்டு கெட்டில் ஒன்றே 3,000 வாட் வரை இழுக்கும், 10 ஆம்பில் அதைப் போட்டால் கரண்ட் போய்விடும். ரைஸ் குக்கர் இரண்டிலும் பிரச்சனை இல்லாமல் ஓடும், ஹீட்டரையும் சேர்த்துப் போடாதவரை.

இன்னொன்றையும் மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழிவறைக் கசெட்டை, அதாவது கழிவு சேருகிற பெட்டியை, இந்த வடிகாலில் கொட்டக் கூடாது. ஒருசில இடங்களில் மட்டும் அதற்கென்று பிட்சிலேயே தனித் திறப்பு வைத்திருப்பார்கள், மற்ற இடங்களில் அதைக் கழிவு கொட்டுகிற பொது இடத்துக்கு (எல்சன் பாயிண்ட்) தூக்கிக்கொண்டு போகத்தான் வேண்டும். ஐந்து பேர் இரவும் பகலும் கேரவன் கழிவறையையே பயன்படுத்தினால் தினமும் ஒரு நடை நிச்சயம். பகலில் பிள்ளைகளைப் பொதுக் கழிவறைக்கு அனுப்பிவிட்டு இரவுக்கும் மாமியாருக்கும் மட்டும் இதை வைத்துக்கொண்டால் பாரம் குறையும்.

அப்புறம் சாமான். வாசலில் குழாய் இருந்தும் இணைக்கக் கையில் ஒன்றும் இல்லாமல், அதே பீப்பாயைக் குழாயடியில் பிடித்து நிரப்புகிற குடும்பங்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். அக்வாரோல் மூடியில் பொருத்துகிற மிதவை வால்வு செட் ஒன்று வாங்குங்கள், தண்ணீர் குறையக் குறைய அதுவே நிரப்பிக்கொள்ளும். மிதவை இல்லாமல் கேரவனோடு குழாயை நேராக இணைக்க வேண்டுமென்றால் அழுத்தம் குறைக்கிற அடாப்டர் கட்டாயம், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற இணைப்புகள் பிய்த்துக்கொள்ளும். ஹோஸ் குடிநீருக்கென்று விற்பதாக இருக்கட்டும், 10 மீட்டர் இருந்தால் பெரும்பாலும் எட்டும். தோட்டத்து ஹோஸில் பிடித்த தண்ணீரில் டீ போட்டால் ரப்பர் வாடை வரும். வெளியே கிளம்பும்போதும் படுக்கப் போகும்போதும் குழாயை மூடிவிடுங்கள். எங்கள் மிதவை ஒருநாள் மாட்டிக்கொண்டு, நாங்கள் ஏரியில் படகு ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தால் கேரவனோடு ஒட்டிப் போடுகிற கூடாரம் (ஆனிங்) முழுக்கத் தண்ணீர், பிள்ளைகளின் ஷூ எல்லாம் மிதந்தது. இந்தச் செலவெல்லாம் ஒரே தடவைதான், அடுத்த வருஷமும் உதவும்.

கேள்வி: மில்டன் கீன்ஸில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேர், மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்து ஸ்காட்லாந்தில் நார்த் கோஸ்ட் 500 சுற்றப் போகிறோம். தினம் ஒரு ஊரில் தங்கல். சர்வீஸ்டு பிட்ச் எடுப்பது நல்லதா?

பதில்: வேண்டாம். மோட்டார்ஹோமுக்கு அடியில் பெரிய தொட்டி இருக்கும், 100 லிட்டர் என்பது சாதாரண அளவு. தினமும் வண்டியை எடுக்கத்தான் போகிறீர்கள், கிளம்பும்போது அங்கேயே இருக்கிற சர்வீஸ் பாயிண்டில் பத்து நிமிஷம் நிறுத்தி அழுக்குத் தண்ணீரை விட்டுவிட்டு நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டால் இரண்டு பேருக்கு அடுத்த நாள் வரை தாங்கும். இரவு ஏழு மணிக்கு வந்து ஹோஸை விரித்து, காலை ஒன்பது மணிக்குச் சுருட்டுவதற்குக் காசு கொடுப்பது வீண். மழை பெய்திருந்தால் கெட்டித்தரை மட்டும் கேட்டு வாங்குங்கள், கேரவனை விட மோட்டார்ஹோம் கனம், புல்லில் சீக்கிரம் புதையும். மிச்சமாகிற பணத்தை நடுவில் எங்காவது இரண்டாவது இரவு தங்கச் செலவு பண்ணுங்கள். இன்வெர்னஸில் கிளம்பி 500 மைலுக்கு மேல் சுற்றி வருகிற பாதை அது, பல இடங்களில் ஒற்றை வழிதான், எதிரே வருகிற வண்டிக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓட்டுகிறவருக்கு ஒரு நாளாவது ஓய்வு வேண்டும்.

கேள்வி: ஈஸ்ட் ஹாமில் இருந்து. சர்வீஸ்டு பிட்சில் ஒரு வாரம் இருந்தோம். நாலாம் நாள் சிங்க் அடைத்துக்கொண்டு, கேரவன் முழுக்க ஒரே நாற்றம். வடிகால் சரியாக இல்லையோ?

பதில்: வடிகாலைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் உங்கள் பைப்பைப் பாருங்கள். கேரவன் சிங்க்கில் இருந்து வெளியே வருகிற பைப் மூன்று சென்டிமீட்டர் அகலம்கூட இருக்காது, போதாததற்கு உள்பக்கம் மடிப்பு மடிப்பாக இருக்கும். வீட்டுக் குழாயில் ஓடிவிடுகிற சோற்றுப்பருக்கை இதில் அந்த மடிப்பில் தங்கி ஊறும், மேலே கஞ்சித் தண்ணீர் படியும், அதற்கும் மேலே தாளித்த எண்ணெய் உறையும். நாலு நாள் போதும் நாற்றம் வர.

வடிகால் பக்கத்திலேயே இருக்கிறது என்றவுடன் நாம் வீடு மாதிரியே கழுவ ஆரம்பித்துவிடுகிறோம், அதுதான் தப்பாகிறது. சட்டியை முதலில் பேப்பரால் வழித்துத் துடைத்துக் குப்பையில் போடுங்கள். சிங்க் வாயில் மெல்லிய சல்லடை வையுங்கள். கஞ்சி வடித்தால் அதை ஊற்றவே ஊற்றாதீர்கள், குக்கரில் தண்ணீர் அளந்து வைத்துவிட்டால் வடிக்கிற வேலையே இல்லை. பெரிய பாத்திரங்களைப் பொதுவில் இருக்கிற பாத்திரம் கழுவும் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே சுடுதண்ணீரும் வரும். இரவில் படுக்கும் முன் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் விட்டு, கை பொறுக்கிற சூட்டில் ஒரு கெட்டில் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் பைப் இளகிவிடும்.

கேரவனில் இருந்து வடிகாலுக்குப் போகிற ஹோஸ் நடுவில் தொய்ந்து தரையில் கிடந்தாலும் அங்கே தண்ணீர் தேங்கி நாறும். வழி நெடுக ஒரே சரிவாக இருக்கும்படி அடியில் செங்கலோ மரத்துண்டோ முட்டுக்கொடுத்து வையுங்கள்.