யோயோகி அரங்கின் கூரை

கேள்வி: டோக்கியோவின் யோயோகி தேசிய விளையாட்டு அரங்கில், அத்தனை பெரிய கூரையை ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் எப்படி நிறுத்தினார்? அது பழைய ஆலயக் கூரையின் நகலா?

பதில்: நிறுத்தினார் என்பதைவிடத் தொங்கவிட்டார் என்பதே பொருந்தும். 1964 ஒலிம்பிக்கின் நீச்சல் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட அந்த அரங்கில், 126 மீட்டர் இடைவெளியில் இரண்டு கான்கிரீட் தூண்கள் நிற்கின்றன. அவற்றின் உச்சி வழியாகச் செல்லும் இரண்டு தடித்த எஃகு வடங்கள், வெளிப்புறம் சரிந்திறங்கி, தரையோடு பிணைக்கப்பட்ட கனத்த கான்கிரீட் கட்டைகளில் முடிகின்றன. இந்த வடங்களுக்கும் பார்வையாளர் மாடத்தின் வெளிவிளிம்புக்கும் இடையே, கொடிக்கயிற்றில் போட்ட போர்வையைப் போலக் கூரை சரிந்து தொங்குகிறது.

ஆனால் கயிறு தன் எடைக்கேற்ற வளைவைத்தான் எடுக்கும்; டாங்கே விரும்பிய வளைவுக்கு அது இணங்கவில்லை. ஆகவே கட்டுமானப் பொறியாளர் யோஷிகட்சு சுபோய், கூரையைத் தாங்கும் குறுக்கு உறுப்புகளுக்குக் கம்பி வடங்களை விட்டுவிட்டு, வேண்டிய வடிவில் வளைத்த எஃகு விட்டங்களைப் பயன்படுத்தினார். புயற்காற்றிலும் நிலநடுக்கத்திலும் கூரை ஊசலாடாதிருக்க, அதிர்வை விழுங்கும் எண்ணெய் உருளைகளையும் பொருத்தினார்கள். இந்த அரங்கைப் பாராட்டும்போது டாங்கேயின் பெயரை மட்டும் சொல்லிச் சுபோயை விட்டுவிடுவது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் கூரையின் முகடு. இரண்டு வடங்களும் நடுவில் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்ல, அந்த இடைவெளியின் கண்ணாடி வழியே பகல் வெளிச்சம் உள்ளே இறங்குகிறது. பாரம் சுமக்கும் உறுப்பே சாளரத்துக்கும் இடம் விடுகிறது. கீழே, இரண்டு பிறைகளைச் சற்றே நகர்த்தி எதிரெதிரே வைத்ததுபோல் மாடங்கள் அமைந்திருப்பதால், பிறை முனைகள் நீண்டு, ஹராஜுகு, ஷிபுயா ஆகிய இரு பக்கங்களிலிருந்தும் வரும் கூட்டத்தைக் கைநீட்டி அழைக்கின்றன.

பழைய ஆலயக் கூரையின் நகல் என்று சொல்ல முடியாது. ஜப்பானின் பழமையான இசே ஆலயத்தையும் கட்சுரா அரச மாளிகையையும் ஆழ்ந்து பயின்று எழுதியவர் டாங்கே. அந்த முகட்டின் நிமிர்வில் அவற்றின் சாயல் தெரிவது இயல்பே. எனினும் அலங்காரத்துக்காக ஒரு வளைவுகூட ஒட்டவைக்கப்படவில்லை. கூரையின் வடிவத்தை ஆக்குபவை பாரம் சுமக்கும் எஃகும் கான்கிரீட்டுமே. பக்கத்திலுள்ள சிறிய அரங்கு ஒற்றைத் தூணைச் சுற்றிச் சுழன்றிறங்குவதும் இப்படித்தான். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், நீச்சல் வீரர்களுக்காக எழுந்த அதே கூரையின் கீழ் எறிபந்துப் (ஹேண்ட்பால்) போட்டிகள் நடைபெற்றன.