இருபது வரியோடு போங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். டேட்டாவை அறிக்கையாக்கும் பவர் பிஐ மென்பொருளை ஆன்லைனில் படித்து சான்றிதழும் வாங்கிவிட்டேன். ஆனால் ஆபீஸ் டேட்டாவில் கைவைத்தால், ஏப்ரலில் அனுப்பிய சரக்கு மார்ச்சில் போய் நிற்கிறது. கோவையில் அதைப் பயன்படுத்துகிறவர்கள் கூடிப் பேசும் யூசர் குரூப் கூட்டத்துக்குத் தோழி கூப்பிடுகிறாள். அங்கே எல்லாரும் ஐடிக்காரர்கள். நான் போய் என்ன பேச? - ஒரு வாசகி

பதில்: பேச வேண்டியதைக் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்களே சகோதரி! ஏப்ரல் சரக்கு மார்ச்சில் நிற்கிறது. அங்கே வருகிறவர்களுக்கு இதைவிட ருசியான விஷயம் கிடையாது.

நான் முதன்முதலில் இப்படி ஒரு கூட்டத்துக்குப் போனபோது விற்பனை அறிக்கை ஒன்றைக் கொஞ்சம் பெருமையோடுதான் காட்டினேன். பின்வரிசையில் இருந்த ஒருவர், “ரெண்டு டேபிளையும் ஜாயின் பண்றதுக்கு முன்னாடி எத்தனை வரி? பின்னாடி எத்தனை?” என்றார். ஜாயின் என்றால் பொதுவான ஓர் எண்ணை வைத்து இரண்டு பட்டியலை இணைப்பது. நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. அங்கேயே பார்த்தேன். 4,000 சொச்சம் வரிகள் 4,600 ஆகியிருந்தன. வாடிக்கையாளர் பட்டியலில் சிலர் ஒரே எண்ணில் இரண்டு முகவரியோடு இருந்தார்கள். அவர்களுடைய பில்லெல்லாம் இரண்டு தடவை கூட்டப்பட்டிருந்தது. மேலாளர் அதை ஏற்கெனவே பார்த்துப் பாராட்டியிருந்தார் என்பது தனிக்கதை. ஜாயின் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பாடத்தில் கொடுக்கிற டேட்டா குளிப்பாட்டிப் பொட்டு வைத்து அனுப்பியது.

உங்கள் சிக்கல் தேதியில் இருக்கும் என்று நினைக்கிறேன். 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க முறையில் மார்ச் 4. 12-ம் தேதி வரை சத்தமில்லாமல் இடம் மாறும். 13-லிருந்து எரர் காட்டும், 13-வது மாதம் கிடையாதே. பவர் பிஐயில் டேட்டாவைச் சுத்தம் செய்யும் பகுதியான பவர் குவெரியில் தேதி வகையை மாற்றும்போது, எந்த நாட்டு முறை என்று கேட்கும் ‘யூஸிங் லொகேல்’ என்பதில் இங்கிலீஷ் இந்தியாவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

இந்தக் குழுக்களைப் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். சென்னையில் மாதாமாதம் கூடும் ‘சென்னைபை’ என்ற பைதான் நிரல்மொழிக் குழுவும் அப்படித்தான். யாரும் உங்கள் படிப்பைக் கேட்க மாட்டார்கள்.

ஆனால் ஆபீஸ் ஃபைலை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 20 வரி மட்டும் தனியே எடுத்து, பையர் பெயரை அ, ஆ என்று மாற்றி, விலையை அழித்துவிடுங்கள். தேதி இருந்தபடியே இருக்கட்டும். இப்படிச் சுருக்கும்போதே பாதி நேரம் தப்பு பிடிபட்டுவிடும். சரி, பிடிபட்டால்? அதையே போய்ச் சொல்லுங்கள். ஐடிக்காரர்களில் ரெண்டு பேராவது லேப்டாப்பைத் திறந்து தங்கள் தேதியைச் சரிபார்ப்பார்கள்.