புதிய விசுவாசிகள் தாய்ச்சபையின் முறைமைகளைப் பின்பற்ற வேண்டுமா?

கேள்வி: ஊழியத்தில் உருவான புதிய ஐக்கியத்துக்கு ஏற்றபடி ஆராதனை முறையை மாற்ற விரும்புகிறோம். "சபைப் பாரம்பரியத்தில் கைவைக்காதீர்கள்" என்கிறார்கள் மூப்பர்கள். "வேதம் மட்டும் போதும்" என்கிறார்கள் இளையவர்கள். எப்படி முடிவெடுப்பது?

பதில்: முதலில் இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று நம் கையிலுள்ள புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் அப்படியே பட்டியலிட்டு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ஆவணம், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு கி.பி. 367-இல் எழுதிய பண்டிகைக் கடிதம். அதுவரை அவற்றை வாசித்து, காத்து, கைமாற்றித் தந்தது சபைதான். மூப்பர்களோ மாற்கு 7-ஐ ஒருமுறை திறக்கட்டும்; முன்னோர் முறைமைக்காகத் தேவகட்டளையைத் தள்ளியவர்களை இயேசு அங்கே கடிந்துகொள்கிறார்.

உங்கள் சிக்கலுக்கு மிக நெருக்கமானது அப்போஸ்தலர் 15. யூதரல்லாத புறஜாதி விசுவாசிகள் விருத்தசேதனம் செய்ய வேண்டும் என்றவர்களிடம் பழக்கம் மட்டுமல்ல, ஆதியாகமம் 17-இன் கட்டளையும் இருந்தது. அப்படியிருந்தும் எருசலேம் சபை வசனத்தைக் காட்டி விவாதத்தை முடித்துவிடவில்லை. புறஜாதியாரான கொர்நேலியு வீட்டில் பரிசுத்த ஆவி இறங்கியதைப் பேதுரு சொன்னார். ஊழியத்தில் கண்டதைப் பர்னபாவும் பவுலும் சொன்னார்கள். சபை அமைதியாகக் கேட்டது. பிறகுதான், புறஜாதியாரும் கர்த்தரைத் தேடுவார்கள் என்ற ஆமோஸ் தீர்க்கதரிசியின் வார்த்தையை யாக்கோபு எடுத்தார். ஊழியம் வேதத்தைப் புதிதாக வாசிக்க வைத்தது. அந்த ஊழியம் சரிதானா என்று வேதம் உறுதிப்படுத்தியது. விருத்தசேதனம் தேவையில்லை என்று முடிவானது. ஆனாலும் விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகிய நான்கு காரியங்களுக்கு விலகியிருக்கச் சொன்னார்கள். யூத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் அமர அது வழி செய்தது என்றே நான் வாசிக்கிறேன். விடுதலை கிடைத்தவர்களும் மற்றவருக்காகச் சிலவற்றை விட்டுக்கொடுத்தார்கள்.

எனவே, எது மாறலாம், எது மாறக்கூடாது என்று பிரித்துப் பாருங்கள். தாம் பெற்று ஒப்படைத்ததாகப் பவுல் கொரிந்தியருக்கு எழுதும் கிறிஸ்துவின் மரணமும் உயிர்த்தெழுதலும், திருவிருந்தும் நம் விருப்பத்துக்கு மாற்றக்கூடியவை அல்ல. ராகம், நேரம், உடை, உட்காரும் முறை மாறலாம். ஒப்படைக்கப்பட்ட சுவிசேஷத்தையும் அந்தந்தச் சபையின் வழக்கங்களையும் 1963-இல் கனடாவின் மான்ட்ரியலில் கூடிய, பல சபைப் பிரிவுகள் பங்கேற்ற விசுவாச, ஒழுங்கு (Faith and Order) மாநாடும் இப்படித்தான் வேறுபடுத்தியது. விசுவாசப் பிரமாணம் போன்றவற்றில் மட்டும் அவசரப்படாதீர்கள்; புதியவர்களுக்கு அதன் பொருளைக் கற்றுக்கொடுக்காமலே நீக்குவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

மூப்பர்களில் சிலரைப் புதிய ஐக்கியத்தின் ஆராதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த விசுவாசிகளையே பேசவிட்டு, பிறகு சேர்ந்து வேதத்தைத் திறங்கள். முடிவை எழுத்தில் வையுங்கள். எருசலேம் சபை கடிதத்தோடு யூதாவையும் சீலாவையும் அனுப்பி வாய்மொழியாகவும் விளக்கச் சொன்னது. நீங்களும் தாய்ச்சபைக்கு இருவரை நேரில் அனுப்புங்கள்.