'கோ'வின் இறந்தகாலம் 'வென்ட்' ஆனது எப்படி?

கேள்வி: 'கோ' என்ற ஆங்கில வினைச்சொல்லின் இறந்தகாலம் 'வென்ட்'. இரண்டுக்கும் ஓர் எழுத்துகூடப் பொருந்தவில்லையே, ஏன்? மின்னஞ்சலில் 'ஹேஸ் வென்ட்' என்று எழுதினேன். தவறு என்று திருத்தினார்கள். எதை எங்கே எழுத வேண்டும்?

பதில்: பொருந்தாததற்குக் காரணம், அவை இரண்டும் வேறு வேறு வினைச்சொற்கள் என்பதுதான். 'வென்ட்' (went) என்பது 'வெண்ட்' (wend) என்ற இன்னொரு வினையின் இறந்தகாலம். 'வெண்ட்' மெலிந்த 'd' ஒலியில் முடிகிறது, 'வென்ட்' மெலியாமல் வெடிக்கும் 't' ஒலியில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு 'செண்ட்', அனுப்பியதற்கு 'சென்ட்'. வளைப்பதற்கு 'பெண்ட்', வளைத்ததற்கு 'பென்ட்'. செலவழிக்கும் 'ஸ்பெண்ட்'டும் இப்படியே. 'வெண்ட்'–'வென்ட்' அதே குடும்பம். அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் அதில் விதிமீறல் எதுவுமே இல்லை.

'வெண்ட்' என்பதன் பழம்பொருள் 'திருப்பு'. மோட்டார் 'வைண்டிங்' என்கிறோமே, அந்த 'வைண்ட்' இதன் நெருங்கிய உறவு. முறுக்கிக்கொள்வது 'வைண்ட்', முறுக வைப்பது, திருப்புவது 'வெண்ட்'. நம் திரும்பு–திருப்பு இணையைப் போன்றது. திருப்புவது எப்படிப் போவதானது என்று தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. 'அவர் வீடு திரும்பினார்' என்கிறோம்; உடம்பு திரும்பியதையா சொல்கிறோம்? வழி நடந்து வீடு சேர்ந்ததைச் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் திரும்புவது அந்தப் பக்கமாகப் போவதாக விரிந்தது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 'வென்ட்' வந்து 'கோ'வின் சொந்த இறந்தகாலத்தைத் துரத்திவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்று ஆங்கிலத்தில் இருக்கவே இல்லை. பழைய ஆங்கிலத்திலேயே 'கோ'வுக்கு இறந்தகாலமாக நின்றது 'ஏஒடெ' என்ற வேறு வேர்ச்சொல். அது பிறகு 'யேடெ', 'யோடெ' என்று தேய்ந்தது. 15ஆம் நூற்றாண்டில் 'வென்ட்' அந்த இடத்தை முழுமையாகப் பிடித்தது. அதாவது, ஓர் இரவல் போய் இன்னொரு இரவல் வந்தது. ஆங்கிலம் கற்கும் குழந்தை 'கோட்' (goed) என்று சொல்லும்போது, இறந்தகாலத்துக்கு '-ed' சேர்க்கும் மொழியின் பொது விதியைத்தான் சரியாகப் பின்பற்றுகிறது. ஸ்காட்லாந்து மொழியில் அந்த விதிப்படியே 'கேட்' என்ற இறந்தகாலம் உருவாகி நிலைத்தது. பொது ஆங்கிலம் மட்டும் அந்த வழியில் போகவில்லை.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பிரெஞ்சில் 'போகிறேன்', 'போகிறோம்', 'போவேன்' மூன்றும் மூன்று வேர்களிலிருந்து வருகின்றன. ஸ்பானியத்தில் 'ஃபுய்' என்றால் 'போனேன்' என்றும் பொருள், 'இருந்தேன்' என்றும் பொருள். நாள் முழுதும் வாயில் புழங்கும் சொற்களை விதியைக் கொண்டு ஆக்குவதில்லை; கேட்டபடியே நினைவில் வைத்துச் சொல்கிறோம். அதனால்தான் இந்தக் கோணல்கள் நூற்றாண்டுகள் தாண்டியும் நிமிராமல் நிற்கின்றன.

இனி உங்கள் மின்னஞ்சல். 'வென்ட்' துணைவினை இல்லாமல் தனியாக மட்டுமே வரும். 'ஹேஸ்', 'ஹேவ்', 'ஹேட்' முன்னால் வந்தால் 'கான்' (gone) தான்: 'ஷீ ஹேஸ் கான்'. 'ஹேவ் வென்ட்' முந்தைய நூற்றாண்டுகளின் எழுத்திலும் உண்டு, இன்றும் சில வட்டார வழக்குகளில் உண்டு. ஆனாலும் அலுவலகக் கடிதத்தில் அது பிழையே.

'டிட்' வந்தால் வெறும் 'கோ': 'டிட் நாட் கோ'. 'டிட் நாட் வென்ட்' என்று எழுதக் கை போனால் 'போகவில்லை' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'போக' என்பதில் காலம் இல்லை. 'போனவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. 'டிட்' ஏற்கெனவே காலத்தைச் சுமந்துவிட்டது. வினை இன்னொரு முறை சுமக்க வேண்டாம்.

தமிழ் நம்மைச் சறுக்க வைக்கும் இடமும் ஒன்று இருக்கிறது. 'பாரிஸ் போயிருக்கிறார்' என்றால் இப்போது அங்கே இருக்கிறார் என்றும் கொள்ளலாம், எப்போதோ போய் வந்தவர் என்றும் கொள்ளலாம். ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. 'ஹீ ஹேஸ் கான் டு பாரிஸ்' என்றால் ஆள் இங்கே இல்லை. போய்க்கொண்டிருக்கிறார் அல்லது அங்கே இருக்கிறார். போய்த் திரும்பிவிட்டவருக்கு 'ஹீ ஹேஸ் பீன் டு பாரிஸ்'. எதிரில் உட்கார்ந்துகொண்டு 'ஐ ஹேவ் கான் டு பாரிஸ்' என்று சொன்னால் கேட்பவர் குழம்புவார். 'போய் வந்திருக்கிறேன்' என்று தமிழில் மாற்றிச் சொன்னாலும் பொருள் கெடவில்லையென்றால் 'பீன்' எழுதுங்கள்.

கடன் கொடுத்த 'வெண்ட்' இன்றும் உயிரோடிருக்கிறது, வளைந்து நெளிந்து மெல்ல வழி நடப்பதைக் குறிக்க. அதை இறந்தகாலத்தில் எழுத நேர்ந்தால் 'வென்ட்' போடாதீர்கள். இப்போது அதற்கு 'வெண்டட்'.