கொலைகாரனிடம் துப்புக் கேட்கலாமா?

கேள்வி: சிறையில் இருக்கும் தொடர் கொலைகாரனிடமே போய், வெளியில் திரியும் இன்னொருவனைப் பிடிக்கப் போலீஸ் யோசனை கேட்பதாகக் கதைகளில் வருகிறதே, நிஜத்தில் பலன் உண்டா?

பதில்: கேட்டிருக்கிறார்கள். பலன் கொசுறு அளவுதான். 1984-இல், அமெரிக்காவின் புளோரிடாவில் மரண தண்டனைக் கைதியாக இருந்த தொடர் கொலைகாரன் டெட் பண்டி, வாஷிங்டன் மாநிலத்தின் ‘கிரீன் ரிவர்’ தொடர் கொலைகளை விசாரித்த போலீஸ் குழுவுக்குத் தானாகவே கடிதம் போட்டான். துப்பறிவாளர்கள் ராபர்ட் கெப்பலும் டேவ் ரைக்கர்ட்டும் நேரில் போனார்கள். கெப்பல், முன்பு பண்டியின் வழக்கையே விசாரித்தவர். புதிதாகச் சடலம் கிடைத்தால் எடுக்காமல் மறைந்திருந்து பாருங்கள், அவன் திரும்பி வருவான் என்றான் பண்டி. யோசனை சரிதான். கொலைகாரன் கேரி ரிட்ஜ்வே, அப்படித் திரும்பிப் போனதைப் பிற்பாடு ஒப்புக்கொண்டான்.

ஆனால் அவன் அகப்பட்டது அதனால் அல்ல. 1987-இல் காயத்துக்குக் கட்டும் காஸ் துணித்துண்டு ஒன்றை மெல்லச் சொல்லி, அவன் எச்சிலை எடுத்து வைத்திருந்தார்கள். டி.என்.ஏ. பரிசோதனை நன்கு வளர்ந்தபின், 2001-இல் அந்த எச்சில்தான் காட்டிக்கொடுத்தது. பண்டி வியாக்கியானம் செய்த அதே 1984-இல், ரிட்ஜ்வே பொய் கண்டறியும் சோதனையில் ‘பாஸ்’ ஆகி வீட்டுக்குப் போயிருந்தான்! என்னைக் கேட்டால், பண்டி ‘அவன்’ ‘அவன்’ என்று சொன்னதெல்லாம் தன்னைத்தான்.

சொந்தக் கொலைகளைப் பற்றி என்றால் பேச்சு உதவும். அதிலும் வில்லங்கம் உண்டு. ஹென்றி லீ லூகாஸ் என்ற கைதி 1980-களில் நூற்றுக்கணக்கான கொலைகளை ஒப்புக்கொண்டான். டெக்சஸில் அவனுக்கு ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் உபசாரம். பல மாநில போலீஸார் கோப்போடு வந்தார்கள், கொலையுண்டவர் படத்தைக் காட்டினார்கள், அவனும் தலையாட்டினான். மரண தண்டனை பெற்ற வழக்கிலேயே, கொலை நடந்த சமயம் அவன் புளோரிடாவில் இருந்ததாக வேலைப் பதிவேடு காட்டியது. 1998-இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

சாமுவேல் லிட்டில் என்ற கைதிக்கும் 2018-இல் பீட்சா வாங்கிக் கொடுத்துத்தான் பேசவைத்தார்கள். அவன் 93 கொலைகளைச் சொன்னான். அவற்றில் 50 உண்மை என்று அடுத்த ஆண்டே எஃப்.பி.ஐ. அறிவித்தது. தேதிகள் குழம்பின, முகங்கள் மறக்கவில்லை. தான் கொன்ற பெண்களை வண்ணத்தில் வரைந்து தந்தான். லூகாஸிடம் போலீஸ் படம் காட்டியது. இங்கே கைதி படம் காட்டினான். பெயரே தெரியாத அந்த முகங்களை எஃப்.பி.ஐ. பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டது.