படிக்க வெச்சோம், முடிச்சதும் கெளம்பிட்டாரு

சார் வணக்கம், நான் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனில டீம் லீட். டீம்லயே நல்லா வேலை செய்யிறவர் ஒருத்தரை கம்பெனி செலவுல பார்ட் டைமா மாஸ்டர்ஸ் படிக்க வெச்சோம். டிகிரி வந்த நாலே மாசத்துல பேப்பர் போட்டுட்டாரு. இனிமே ஃபீஸ் கட்டுனா மூணு வருஷ பாண்ட் போடணும்ங்கிறாங்க மேனேஜ்மென்ட்ல. டிகிரிக்கே மதிப்பு கொறையிற காலத்துல இதெல்லாம் எதுக்குன்னும் கேக்குறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

(பெயர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

வணக்கம்ங்க.

அந்த நாலு மாசம் அவர் என்ன வேலை பாத்தாருன்னு நீங்க எழுதவே இல்லையே. பழைய வேலை, பழைய சம்பளம், காலைல அதே ஸ்டேட்டஸ் மீட்டிங்னுதான் நான் நெனைக்கிறேன்.

உங்க மேனேஜ்மென்ட்டோட பயம் பழைய பயம்தான். எங்க போனாலும் உதவுற படிப்புக்கு கம்பெனி காசு போட்டா பலன் கம்பெனிக்கு நிக்காது, படிச்சவருக்கே கூடுதல் சம்பளமா போயிடும்னு பொருளாதார நிபுணர் கேரி பெக்கர் 1960கள்லயே கணக்குப் போட்டுட்டாரு. ஆனா உங்க கேஸுக்கு எனக்கு ஞாபகம் வர்றது இன்னொரு பொருளாதார நிபுணர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973ல சொன்னது, அதாவது வேலைக்கு எடுக்குறவனுக்கு ஆளோட தெறமை தெரியாது, அதனால டிகிரிய ஒரு சிக்னலா பாக்குறான்னு. வெளி கம்பெனிக்கு இவர் மாஸ்டர்ஸ் முடிச்ச புது ஆளு, உங்களுக்கு தெனமும் பாக்குற அதே ஆளு, அவங்க ரேட்டை ஏத்துனாங்க நீங்க ஏத்தல, இவ்ளோதான் நடந்திருக்கும். ஃபீஸ் கட்டுன நீங்களே அந்த சிக்னலைப் படிக்கல.

பாண்ட் வேண்டாம்ங்க. நல்ல ஆளுக்கு அந்தக் காசைப் புது கம்பெனியே கட்டிக் கூட்டிட்டுப் போயிடும், யாரும் கேக்காத ஆளுதான் உங்ககிட்ட மாட்டிக்கிட்டு மூணு வருஷம் முழுசா இருப்பாரு.

டிகிரி மதிப்பு பத்தி. 2011ல ஸ்டான்ஃபோர்ட் ஏஐ கோர்ஸை ஃப்ரீயா ஆன்லைன்ல விட்டப்ப சுமார் 1,60,000 பேர் சேந்தாங்க, அதுல முடிச்சது கொஞ்ச பேர்தான். அடுத்த வருஷமே ஆன்லைன்ல பாடம் நடத்துற கோர்செரா, எட்எக்ஸ் எல்லாம் வந்துச்சு, இனி யுனிவர்சிட்டி கதை முடிஞ்சுதுன்னு பேசுனாங்க, முடியல. ஏன்னா பாடம் ஓசில கெடைக்குது, நாம செஞ்சதைப் பாத்து இங்க தப்புன்னு சொல்ற ஆளும் செஞ்சு பழக நெஜமான வேலையும்தான் ஓசில கெடைக்க மாட்டேங்குது. இன்னொரு பக்கம் ஐபிஎம் மாதிரி கம்பெனிங்களே பல வேலைக்கு டிகிரி கட்டாயம் இல்லன்னு எடுத்துட்டாங்க. இருபத்திரண்டு வயசோட படிப்பை மூட்டை கட்டுறது போயி வேலைக்கு நடுவுல துண்டு துண்டா படிக்கிறதுதான் இனிமே ஜாஸ்தியாகும்னு எனக்குத் தோணுது, அப்ப அந்தப் படிப்புல பாதி உங்க ஆபீஸ்லதான் நடக்கணும்.

அதனால அடுத்தவருக்கு ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே, முடிச்சா என்ன வேலை, எவ்ளோ சம்பளம்னு பேசி எழுதிக்குங்க. ரெண்டாவது செமஸ்டர்லயே அந்த வேலைல ஒரு பகுதிய அவர் கைல குடுங்க, ப்ராஜெக்ட்டையும் உங்க கம்பெனில தீராம கெடக்குற ஏதாவது பிரச்சனைலயே பண்ணட்டும். அப்படிக் கத்துக்கிறது உங்ககிட்டதான் அதிகம் செல்லுபடியாகும்ங்கிறதும் பெக்கர் சொன்னதுதான். குடுக்க அப்படி ஒரு வேலையே இல்லன்னா அதையும் மொதல்லயே சொல்லிடுங்க, பாவம் நம்பிக்கிட்டு இருப்பாரு.

போனவருக்கு ஒரு ஃபோன் போட்டு ஏன் போனீங்கன்னு கேளுங்க, எக்ஸிட் இன்டர்வியூல எழுதுனதை நம்பாதீங்க, அதுல எல்லாரும் நல்ல வாய்ப்பு வந்துச்சுன்னுதான் எழுதுவாங்க.