போஸ்ட்-பேக்கில் சேருமுன் டிரான்ஸ்கிரிப்ட்டைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. நியூ ஜெர்சியிலேயே பிறந்து வளர்ந்தவள். போன வருடம் பயாலஜி டிகிரி முடித்தாள். முதல் இரண்டு வருடம் படிப்பில் சறுக்கிவிட்டாள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி. கடைசி வருடம் தேறிவிட்டாள். மொத்த ஜிபிஏ (நான்குக்கான மதிப்பெண் சராசரி) 3.1. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் இன்னும் எழுதவில்லை. இப்போது ஒரு கிளினிக்கில் டாக்டருக்குக் குறிப்பெழுதும் ஸ்க்ரைப் வேலை பார்க்கிறாள். டாக்டர் ஆகும் ஆசை விடவில்லை. என் நாத்தனார், ‘பிரின் மார் காலேஜ் போஸ்ட்-பேக்கில் சேர்த்துவிடுங்கள், அங்கே போனால் சீட் நிச்சயம்’ என்கிறார். என் கணவர் ஒரு வருட மாஸ்டர்ஸ்தான் சரி என்கிறார். கரீபியன் தீவுகளில் உள்ள மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாமா என்றும் பேச்சு நடக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?
- ஒரு தாய், எடிசன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். போஸ்ட்-பேக் (டிகிரிக்குப் பிறகு மருத்துவச் சேர்க்கைக்குத் தயார்செய்யும் படிப்பு) என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு படிப்புகள் இருக்கின்றன. ஒன்று, வரலாறோ கம்ப்யூட்டரோ படித்துவிட்டுப் பிறகு மருத்துவத்துக்கு வர நினைப்பவர்களுக்கானது. பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் எல்லாவற்றையும் லேபோடு புதிதாகச் சொல்லித் தருவார்கள். பிரின் மார், கௌச்சர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மூன்றும் இந்த வகை. உங்கள் மகள் இந்தப் பாடங்களை ஏற்கெனவே படித்துவிட்டாள். அதனாலேயே அவளை அங்கே எடுக்க மாட்டார்கள். நாத்தனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் அது இவளுக்கான இடம் இல்லை.

இவளுக்கு வேண்டியது இரண்டாவது வகை: பாடங்களைப் படித்தும் மதிப்பெண் குறைந்துபோனவர்கள் அதைத் தூக்கி நிறுத்துவதற்கானது. இதைத் தனித் திட்டமாகவும் நடத்துகிறார்கள். திட்டம் எதிலும் சேராமல், பக்கத்திலுள்ள நான்கு வருடப் பல்கலைக்கழகத்தில் டிகிரி இல்லாத மாணவியாகப் பதிவுசெய்து தனித்தனிப் பாடமாகவும் படிக்கலாம்.

இப்போது மகளோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 கிரெடிட்டில் 3.1 என்றால் கையில் 372 புள்ளிகள். இன்னும் 30 கிரெடிட் படித்து, அத்தனையிலும் ஏ (கிரெடிட்டுக்கு 4 புள்ளி) வாங்கினால் 120 புள்ளிகள் சேரும். 492ஐ 150ஆல் வகுத்தால் 3.28. ஒரு வருடம் முழுக்க ஏ வாங்கியும் இவ்வளவுதான் ஏறும். அமெரிக்க எம்.டி. (இங்கே வழக்கமான மருத்துவப் பட்டம்) கல்லூரிகளில் சேர்கிறவர்களின் சராசரி ஜிபிஏ 3.8ஐ நெருங்குகிறது, எம்கேட் சராசரி 512ஐ ஒட்டி இருக்கிறது.

இந்தக் கணக்கைப் பார்த்து மனம் தளர வேண்டாம். எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸில் ஒவ்வொரு வருட ஜிபிஏவும் தனித்தனி வரியாக வரும். டிகிரிக்குப் பிறகு படித்த இளநிலைப் பாடங்களுக்கும் தனி வரி உண்டு. முதல் வருடத்தில் தாழ்ந்து, கடைசி வருடத்தில் உயர்ந்து, அதன்பின் 30 கிரெடிட்டில் 3.9 என்று நிற்கும் மாணவியை ‘இவள் இப்போது தயார்’ என்று படிக்கத் தெரிந்தவர்கள் சேர்க்கைக் குழுக்களில் இருக்கிறார்கள். பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணக்கு நான்குக்கும் சேர்த்துத் தனி ஜிபிஏ ஒன்றும் போடுவார்கள். அதில் கிரெடிட் குறைவு என்பதால் புது மதிப்பெண்கள் வேகமாகவே வேலை செய்யும்.

அந்த சி பற்றி ஒரு வார்த்தை. ஆர்கானிக்கைத் திரும்பப் படித்தால் பழைய மதிப்பெண் அழியாது. ஆம்காஸ் இரண்டையும் கணக்கில் எடுக்கும். டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகளின் விண்ணப்பத்தில் பழையதை மாற்றிக்கொள்ளும் வசதி முன்பு இருந்தது, 2017இல் அதையும் எடுத்துவிட்டார்கள். பெரும்பாலான கல்லூரிகளுக்கு சி போதும். அதனால் பயோகெமிஸ்ட்ரி, பிசியாலஜி, செல் பயாலஜி என்று மேல்நிலைப் பாடங்களில் ஏ வாங்கிக் காட்டட்டும். சி மைனஸ் என்றால் மட்டும் திரும்பப் படித்தே ஆகவேண்டும்.

உங்கள் கணவர் சொல்லும் ஒரு வருட மாஸ்டர்ஸ் விஷயத்தில்தான் எனக்குக் கவலை. ஜார்ஜ்டவுன் 1975இல் தொடங்கியது இவற்றில் முன்னோடி. பாஸ்டன் பல்கலைக்கழகத்திலும் நல்ல திட்டம் இருக்கிறது. முதல் வருட மருத்துவ மாணவர்களின் பாடங்களையே படிக்க வைப்பார்கள். அங்கே நன்றாகச் செய்தால் அதைவிட வலுவான சான்று கிடையாது. சறுக்கினால், மருத்துவப் பாடம் இவளுக்குத் தாங்காது என்பதற்கு நாமே பணம் கட்டி அத்தாட்சி வாங்கியது போல ஆகிவிடும். அந்த மதிப்பெண்கள் முதுநிலைக் கணக்கில் தனியாக நிற்கும், 3.1ஐ அசைக்காது. இளநிலைப் பாடங்களில் வரிசையாக ஏ வாங்கி, எம்கேட்டிலும் நல்ல மதிப்பெண் எடுத்த பிறகும் ஜிபிஏ தடையாக இருந்தால், அப்போது இந்த வழியை எடுக்கலாம். இன்றைக்கு அவசரம் இல்லை.

பணத்தையும் யோசியுங்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற ஃபெடரல் மேல்படிப்புக் கடன் இல்லை. சாதாரண மாஸ்டர்ஸுக்கு ஃபெடரல் கடன் வருடத்துக்கு 20,500 டாலர். மருத்துவப் படிப்புக்கு வருடத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000. மீதிக்குத் தனியார் கடன்தான். இப்போது செலவாகும் ஒவ்வொரு ஆயிரமும் பிறகு மருத்துவக் கல்லூரிக்குத் தேவைப்படும்.

எந்தத் திட்டத்தோடு பேசினாலும், ‘எங்கள் மாணவர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது’ என்பார்கள். எத்தனை பேரில் என்று கேளுங்கள். சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர், விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர்? சில இடங்களில் குறிப்பிட்ட ஜிபிஏவும் எம்கேட்டும் இல்லாவிட்டால் கமிட்டி கடிதம் (திட்டத்தின் சார்பில் தரும் பரிந்துரை) தர மாட்டார்கள். அப்படி வடிகட்டிய பிறகு மிஞ்சியவர்களை வைத்துச் சொல்லும் சதவீதம் எப்படி உயராமல் இருக்கும்? லிங்கேஜ் (ஒரு மருத்துவக் கல்லூரியில் நேராகச் சேர்வதற்கான ஏற்பாடு) இருக்கிறது என்று சொன்னால், கடந்த மூன்று வருடத்தில் அதன் வழியாகப் போனவர்கள் எத்தனை பேர், என்ன நிபந்தனை என்று கேளுங்கள். மாலை வகுப்பு உண்டா, தேவையான பாடத்தில் வெளி மாணவிக்கு இடம் கிடைக்குமா என்பதும் முக்கியம். ஸ்க்ரைப் வேலையை அவள் விடக்கூடாது.

இந்தக் கேள்விகளை மகளே போனில் கேட்கட்டும், சகோதரி. நீங்கள் பக்கத்தில் இருங்கள், பேசுவது அவளாக இருக்கட்டும். அந்த முதல் இரண்டு வருடம் ஏன் சறுக்கியது என்பதையும் திட்டாமல் கேட்டுப் பாருங்கள். தூக்கமோ, மனச்சோர்வோ, படிக்கும் முறையோ, காரணம் அப்படியே இருந்தால் எந்தத் திட்டத்தில் சேர்ந்தாலும் அது திரும்ப வரும்.

கரீபியனை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களில் 93 சதவீதம் அளவுக்கு ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிறகான மருத்துவமனைப் பயிற்சி இடம்) கிடைக்கிறது. வெளிநாட்டில் மருத்துவம் படித்த அமெரிக்கக் குடிமக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் கிடைக்கிறது. பாதியில் படிப்பை விட்டவர்கள் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. அதற்கு முன்னால் டி.ஓ. கல்லூரிகளைப் பாருங்கள். அங்கே சேர்பவர்களின் சராசரி ஜிபிஏ 3.6ஐ ஒட்டி. 2020 முதல் எம்.டி.க்கும் டி.ஓ.வுக்கும் ரெசிடென்சி அங்கீகாரம் ஒன்றுதான். சொந்தக்காரர்கள் ‘டி.ஓ.வா?’ என்று இழுப்பார்கள், அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். டி.ஓ.வும் முழு டாக்டர்தான்.

என் யோசனை இது: வரும் செமஸ்டரில் இரண்டு மேல்நிலைப் பாடம் மட்டும், வேலையோடு சேர்த்து. இரண்டிலும் ஏ வந்தால் அடுத்த செமஸ்டரில் மூன்று. அப்புறம் எம்கேட்டுக்கென்று சில மாதம் ஒதுக்கி எழுதட்டும். மதிப்பெண் கைக்கு வந்த பிறகு, அதற்கு அடுத்த ஜூனில் விண்ணப்பம். இந்த வருடமே போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதல் செமஸ்டர் மதிப்பெண் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.